கோலாப்பூரி செருப்பு: திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

கோலாப்பூரி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது மேல்பக்கத்தைத்தான். பின்னல் நெருக்கமாக இருக்கிறதா, குஞ்சம் இருக்கிறதா, நிறம் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காலில் மாட்டி நாலு எட்டு நடந்து பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். செருப்பு எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை மேல்பக்கம் சொல்லாது. கையில் எடுத்ததும் கவிழ்த்து அடியைப் பாருங்கள். பிறகு கண்ணுக்கு நேராகப் பிடித்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். தோல் எது, பதனிட்டது எப்படி, அடுக்குகளைச் சேர்த்தது தையலா பசையா என்பதில் முக்கால்வாசி அங்கேயே தெரிந்துவிடும்.

2019-இல் இந்தச் செருப்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர், சாங்லி, சாதாரா, சோலாப்பூர், கர்நாடகத்தில் பெளகாவி, தார்வாட், பாகல்கோட், விஜயபுரா என்று எட்டு மாவட்டங்களுக்கு உரியது அந்தக் குறியீடு. ஊர்ப்பெயர் கோலாப்பூருடையது என்றாலும் பெளகாவி மாவட்டத்து அதணியும் நிப்பாணியும் இந்த வேலையில் கோலாப்பூருக்குச் சளைத்தவை அல்ல. 2025 ஜூனில் மிலான் நகர ஃபேஷன் மேடையில் பிராடா நிறுவனம் இதே சாயலில் செருப்பைக் காட்டிச் சர்ச்சையானபோது பெயர் உலகமெல்லாம் பரவியது. அதோடு போலிகளும் பெருகின. குறியீடு ஊருக்கும் செய்முறைக்கும் உரிய சான்று. உங்கள் கையில் இருக்கும் ஜோடியின் தையல் சரியா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

தோலிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இந்தச் செருப்பில் தோலையும் தைக்கும் நூலையும் தவிர வேறு பொருளே கிடையாது. பஞ்சு இல்லை, அட்டை இல்லை, உள்ளே தகடு இல்லை. தோல் மோசமென்றால் அதை மறைக்க ஒரு இடமும் இல்லை.

அடித்தோல் எருமைத்தோல். மேல்வாரும் பின்னலும் மெல்லிய மாட்டுத்தோலிலோ ஆட்டுத்தோலிலோ இருக்கும். பதனிடுவது கருவேலம்பட்டையும் கடுக்காயும் கொண்டு. பச்சைத்தோலை ஊறவைத்து, சுண்ணாம்பு நீரில் போட்டு முடியை இளக்கி வழிப்பார்கள். சதைப்பக்கம் ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சீவி எடுத்து, சுண்ணாம்பு போகக் கழுவுவார்கள். அதன் பிறகுதான் பட்டைச்சாறு. பழைய முறையில் முழுத்தோலையும் பையாகத் தைத்துத் தொங்கவிட்டு, உள்ளே இடித்த பட்டையையும் கடுக்காயையும் போட்டுச் சாற்றை ஊற்றுவார்கள். சாறு தோலின் ஊடாகக் கசிந்து கீழே சொட்டும். சொட்டியதை எடுத்து மறுபடி மேலே ஊற்ற வேண்டும். சில நாள் போனதும் பையைத் தலைகீழாகக் கட்டுவார்கள், மேலே இருந்த பகுதிக்கும் சாறு ஏறட்டும் என்று. பச்சைத்தோல் செருப்புக்கு ஏற்ற தோலாக மாற ஒரு மாதத்துக்கு மேலே ஆகும். குரோம் உப்புப் போட்டு டிரம்மில் உருட்டினால் பதனிடும் வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். விலை வித்தியாசத்தின் வேர் இந்த நாள்கணக்கில்தான் இருக்கிறது.

பட்டையில் இருக்கும் துவர்ப்புச் சத்து தோலின் நார்களுக்கு நடுவே போய் நிரம்பிக்கொள்கிறது. அதனால் தோல் கனமாகவும் கெட்டியாகவும் ஆகிறது. அழுத்தினால் அமுங்கி, அமுங்கியபடியே நிற்கிறது. பெருவிரலும் குதிகாலும் பதியும் இடங்களில் சில வாரங்களில் குழிவு விழுவது இதனால்தான். குரோம் தோல் அப்படி இல்லை. மென்மையாக இருக்கும், வளைத்துவிட்டால் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். ஷூவின் மேல்பாகத்துக்கு அது அருமையான தோல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளிலிருந்து உலகத்துக்குப் போகும் ஷூக்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அடுக்கித் தைத்து அடித்தோலாக்கினால் தொளதொளவென்று இருக்கும், காலின் அச்சைப் பிடித்துக்கொள்ளாது.

தமிழ்நாட்டுக்கும் தாவரப் பதனிடலில் நீண்ட மரபு உண்டு. திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்த வெளிர்நிற ஆட்டுத்தோல் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்ற பெயரில் காலங்காலமாக ஏற்றுமதியானது. அதற்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. மெல்லிய, வளைந்துகொடுக்கும் தோல் அது. உள்பக்க லைனிங்குக்கும் மேல்வாருக்கும் பொருந்தும், அடிக்கு உதவாது. இரண்டும் பட்டைத்தோல்தானே என்று ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

பட்டையில் பதனிட்டதெல்லாம் நல்ல தோல் என்றும் இல்லை. இரண்டு குறைகள் அடிக்கடி வரும். ஒன்று, சாறு நடுவரை ஏறாமல் போவது. வெட்டிய விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பாக இருக்க வேண்டும். நடுவில் வெளிறிய கோடு ஒன்று, சில சமயம் கண்ணாடி போல மினுங்கும் கோடு, ஓடினால் உள்ளே இன்னும் பச்சைத்தோல்தான் இருக்கிறது. தண்ணீர் பட்டால் அந்த நடுப்பகுதி ஊதும், நாறும், காய்ந்தால் விறைத்து அடுக்கைப் பிளக்கும். அவசரப்பட்டுப் பதனிட்ட தடித்த எருமைத்தோலில் இது சகஜம். இரண்டாவது, சுண்ணாம்பைச் சரியாகக் கழுவாதது. விரலில் சுற்றி வளைத்தால் மேல்தோல் பொடிப்பொடியாக வெடிக்கும். வாரை மெல்ல மடித்துப் பாருங்கள். சுருக்கம் விழலாம், விரிசல் விழக் கூடாது.

தோலின் எந்தப் பகுதியிலிருந்து வெட்டினார்கள் என்பதும் பெரிய விஷயம். முதுகிலும் பிட்டத்திலும் நார்கள் நெருக்கமாக இருக்கும். வயிற்றுத்தோல் தளர்ந்தது, இழுத்தால் நீளும். அடியும் குதிகாலும் முதுகுப்பகுதியிலிருந்து வர வேண்டும். மோசமான கடைகளில் ஒரு செருப்பு முதுகிலும் மற்றது வயிற்றிலும் வெட்டியதாக இருக்கும். ஆறு மாதத்தில் ஒன்று தட்டையாகப் பரவிவிடும், மற்றது அப்படியே இருக்கும். இரண்டு அடிகளையும் விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். கனமும் கெட்டித்தன்மையும் ஒன்றாக இருக்க வேண்டும். மாட்டின் மேல் இருந்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி எல்லாம் மேலே தெரிந்தால் கவலை வேண்டாம், அவை தோலின் பலத்தைக் கெடுப்பதில்லை. உரிக்கும்போது சதைப்பக்கம் விழுந்த கத்திவெட்டு ஆபத்தானது. வாரில் அது இருந்தால் சரியாக அந்த இடத்தில்தான் ஒருநாள் அறுந்துபோகும்.

கட்டுமானம் பார்வைக்கு எளிது. கீழே அடித்தோல், மேலே கால் படும் உள்தோல், பின்னால் குதிகாலுக்கு இரண்டோ மூன்றோ அடுக்கு. அடித்தோல் 4 முதல் 5 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. 3-க்குக் கீழே போனால் தார்ச்சாலைச் சூடும் சரளைக் கல்லும் காலில் தெரியும். தோலை நனைத்து, சுத்தியலால் அடித்து இறுக்கிய பிறகு ‘ராபி’ என்ற அகலவாய்க் கத்தியால் வெட்டுகிறார்கள். அடிக்காத தோல் காலடியில் தானாக அமுங்கும், அப்போது தையல் தொளதொளத்துப் போகும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் நேரம் நிறைய மிச்சம் என்பதால் மலிவான ஜோடிகளில் முதலில் காணாமல் போவது இதுதான்.

பக்கவாட்டில் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மடல்களுக்குப் பெயரே ‘கான்’, மராத்தியில் காது. பாதத்தின் குறுக்கே போகும் பட்டை இவற்றோடு சேர்கிறது. பெருவிரலைப் பிடிக்கும் வளையம் ‘அங்கட்டா’. நடுவில் மெல்லிய தோல் இழைகளால் பின்னியது ‘வேணி’. இந்தப் பின்னல் வேலையைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் செய்கிறார்கள். வெட்டுவதும் அடி தைப்பதும் ஆண்கள் வேலை. கப்ஷி என்ற ஊரின் பெயரையே தாங்கிய வகை உட்படப் பல வகைகள் உண்டு. வேறுபடுவது பெரும்பாலும் காதின் அகலமும் மேல்பட்டையின் வடிவமும். கால் அகலமானவர்களுக்கு அகலக்காது வகை பாதத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

கோலாப்பூரி பழுதாகி வருவதில் பெரும்பங்கு காது கழன்றுவந்ததாக இருக்கும். காதின் அடிப்பகுதி அடித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே ஒரு விரல் அகலமாவது உள்ளே போயிருக்க வேண்டும். ஓரத்தையலும் அதன் வழியாகவே இறங்கியிருக்க வேண்டும். சிக்கனம் பார்ப்பவர்கள் அரை விரல் மட்டும் நுழைத்துப் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். புதிதில் வித்தியாசம் தெரியாது. வியர்வையும் வெயிலும் பசையை இளக்கிய பிறகு, படியேறும்போது பாதம் முன்னே தள்ளுகிற ஒரு நாளில் காது உருவிக்கொண்டு வந்துவிடும். வாங்கும்போதே காதைப் பிடித்து வெளிப்பக்கமாக நிதானமாக இழுங்கள். ஓரத்தில் இடைவெளி திறந்தாலோ, பசையின் வெள்ளை இழை தெரிந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள்.

மரபான கோலாப்பூரியில் ஆணி கிடையாது. தோல் வாராலோ மெழுகிட்ட நூலாலோ தைத்ததுதான். இதைப் பெருமைக்காகச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள், ஆனால் காரணம் தோலிலேயே இருக்கிறது. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்தால் எழுதுகிற கருப்பு மை ஆகும் என்பது நம் ஊரில் பழைய தலைமுறைக்குத் தெரிந்த பக்குவம். துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் செருப்பிலும் அதேதான் நடக்கிறது. ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை படரும். துரு தோலின் நாரை அரிக்கும், துளை பெரிதாகும், ஆணி ஆடத் தொடங்கும், அடுத்த மழைக்கு அந்த அடுக்கு கையோடு வந்துவிடும். குரோம் தோலில் ஆணி இவ்வளவு கெடுதல் செய்யாது. பட்டைத்தோலுக்கு ஆணி பகை. குதிகாலின் அடியில் ஆணித்தலை பளபளத்தால், மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த ஜோடியைச் செய்தவர் தையல் வேலையைச் சுருக்கியிருக்கிறார் என்று பொருள்.

தையலில் பார்க்க வேண்டியவை: துளைகள் விளிம்பிலிருந்து 3, 4 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும். விளிம்பை ஒட்டிப் போனால் தோல் கிழியும். இடைவெளி கண்ணுக்குச் சமமாகத் தெரிய வேண்டும். கைத்தையலில் சிறு ஏற்றத்தாழ்வு இருக்கும், அது குறை இல்லை. நெருக்கமான தையல்தான் பலம் என்று எண்ண வேண்டாம். துளைக்கு மேல் துளை விழுந்தால் தபால்தலை கிழிகிற மாதிரி ஓரமே கிழிந்து வந்துவிடும். ‘ஆரி’ என்னும் குத்தூசி தோலை விலக்கித் துளை போடுவதால் தையல் உட்கார்ந்த பின் துளை இறுகிக்கொள்ளும். மின்துளைக் கருவி தோலை எடுத்துவிடுகிறது, துளை துளையாகவே நிற்கிறது. அடியில் தையலைச் சுற்றி வட்டமான, வாய் பிளந்த ஓட்டைகள் தெரிந்தால் அது இரண்டாவது வகை.

இனிப் போலிகள். ரெக்சின் வைத்தது தொட்டாலே தெரிந்துவிடும். ஏமாற்றுவது லெதர் போர்டு. தோல் கழிவை அரைத்து ரப்பர் பாலோடு சேர்த்து அழுத்திய அட்டை அது. குதிகால் அடுக்குகளில் நுழைந்துவிடும், மேலே ஒரே ஒரு நிஜத்தோல் மட்டும் இருக்கும். நிஜத்தோலின் வெட்டுவாயில் நார்கள் தெரியும், மேலே நெருக்கம், கீழே தளர்ச்சி. போர்டில் மேலும் கீழும் ஒரே மாதிரிப் பொடிப்பொடியாக இருக்கும். நகத்தால் சுரண்டினால் தூள் உதிரும். ஓரத்தில் தடிமனாகச் சாயம் பூசியிருந்தால் எதையோ மறைக்கத்தான் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். உள்தோலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். பட்டைத்தோல் சற்று நேரத்தில் உறிஞ்சிக் கருக்கும், காய்ந்ததும் பெரும்பாலும் தெளியும். தண்ணீர் முத்தாக நின்றுகொண்டே இருந்தால் மேலே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சாயமிட்ட ஜோடியை ஈர வெள்ளைத் துணியால் தேயுங்கள். மெரூனோ கருப்போ துணியில் ஏறினால் பாதத்திலும் ஏறும், வேட்டி நுனியிலும் ஏறும். சாயமில்லாத இயற்கை நிறத்தை வாங்குவதுதான் எங்கள் பரிந்துரை. குறைகளை மறைக்க முடியாத நிறம் அது, போட்டுப் போட்டு அதன் அழகும் கூடும்.

அளவு விஷயத்தில் கறாராக இருங்கள். பின்வார் கிடையாது, பாதத்தைப் பிடிப்பது குறுக்குப்பட்டையும் பெருவிரல் வளையமும் மட்டும். அடி நீளாது, பட்டை கொஞ்சம் நெகிழும். எனவே நீளம் சரியாகவும் பட்டை சற்று இறுக்கமாகவும் இருக்க வேண்டும். புதிதிலேயே தாராளமாக இருக்கும் பட்டை ஒரு மாதத்தில் தட்டுத்தட்டென்று அடிக்கும். குதிகால் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கக் கூடாது. அரை அளவுகளில் கிடைப்பது அரிது என்பதால் இரண்டுக்கும் நடுவே இருப்பவர்கள் ஒவ்வொரு அளவிலும் இரண்டு மூன்று ஜோடி போட்டுப் பார்ப்பது நல்லது. கையால் வெட்டியது, ஒரே எண்ணில் இரண்டு ஜோடிகள் ஒன்றாக இருப்பதில்லை.

புதுச் செருப்பு கடிக்கும். கடித்தால்தான் அசல் என்று கடைக்காரர் சொல்வார், பாதி உண்மை. கெட்டித்தோல் இளக நாள் எடுக்கும். ஆனால் வளையத்தின் உள்விளிம்பைத் தேய்த்து மழுக்காமல் விட்டதால் கடித்தால் அது செய்தவர் விட்ட குறை. விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். பழக்குவதற்கு, வளையத்திலும் பட்டையின் உள்பக்கத்திலும் விளக்கெண்ணெய் தடவி ஒரு ராத்திரி வையுங்கள். ஜோடிக்கு அரைத் தேக்கரண்டி போதும். மறுநாள் துணியால் துடைத்துவிட்டு வீட்டுக்குள் அரைமணி நேரம் போடுங்கள். ஒரு வாரம் இப்படிப் போட்ட பிறகு வெளியே போகலாம். எண்ணெயில் முக்கி எடுப்பது வேண்டவே வேண்டாம். அளவுக்கு மீறிய எண்ணெய் நார்களை வழுக்க விட்டுப் பட்டையை நிரந்தரமாக நீட்டிவிடும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் காய்ந்து இறுகும் ரகம், தோலை விறைக்க வைக்கும். அதைத் தொடாதீர்கள். செருப்பு பழகிய பின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெயை மெல்லிசாகப் பூசினால் போதும்.

மழைதான் இதன் பெரிய பலவீனம். பட்டைத்தோல் தண்ணீரைக் குடிக்கும். ஊறிய அடியோடு நடந்தால் தையல் தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். நனைந்துவிட்டால் துடைத்து, அடிப்பக்கம் காற்றுப்படச் சாய்த்து நிழலில் காயவிடுங்கள், ஒன்றிரண்டு நாள் ஆகட்டும். வெயிலில் போடுவது, அடுப்படியில் வைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது எல்லாம் தவறு. ஈரமான பட்டைத்தோல் சூட்டில் சுருங்கிக் கருகல் நிறத்தில் ஓடு மாதிரி ஆகிவிடும், பிறகு எந்த எண்ணெயும் அதை மீட்காது. சென்னையில் ஐப்பசி கார்த்திகை மாதங்களில் பெட்டிக்குள் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். துணிப்பையில், காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். பூஞ்சை வந்தால் உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட விட்டு, அதன்பின் லேசாக எண்ணெய் தடவினால் போதும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மாதத்துக்கு மேல் பதனிட்ட எருமைத்தோல், அடித்து, வெட்டி, கையால் தைத்து, பின்னல் போட்டது ஐந்நூறு ரூபாய்க்கு வராது. அந்த விலைக்கு வருவது போர்டும் பசையும்தான். அதே சமயம் இரண்டு மடங்கு விலை சொன்னால் இரண்டு மடங்கு நல்லது என்றும் இல்லை. கோலாப்பூர் மகாலட்சுமி கோயிலுக்குப் போகிறவர்கள் பக்கத்துச் செருப்புக்கடை வரிசையில் வாங்கி வருகிறார்கள். அங்கேயும் கைத்தையலும் எந்திரச் சரக்கும் ஒரே அலமாரியில் இருக்கும், கேட்டால்தான் பிரித்துக் காட்டுவார்கள். இணையத்தில் வாங்கினால் அடிப்பக்கப் படமும் விளிம்பின் நெருக்கப் படமும் கேளுங்கள். அனுப்ப மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

எங்கள் மதிப்பீடு: வறண்ட ஊரில், வெயில் காலத்தில், பருத்தி உடையோடு போட இதைவிட நல்ல செருப்பு இந்த விலையில் இல்லை. வியர்வையை உறிஞ்சும், சூடு ஏற்றாது, பழுதுபார்க்க முடியும். தினம் பஸ் பிடிக்க ஓடுகிறவர்களுக்கும், ஈர மார்பிள் தரையில் வேலை செய்கிறவர்களுக்கும், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இது ஒத்துவராது. கடைசியாகச் சொன்னவர்கள் விரல் வளையம் உள்ள எந்தக் கெட்டிச் செருப்பையும் தவிர்க்க வேண்டும். கடித்த புண் அவர்களுக்குத் தெரியாமலே பெருகும்.

வழுக்கலுக்கு அஞ்சுகிறவர்கள் அடியில் 2 மில்லிமீட்டர் ரப்பர் தாள் போட்டுக்கொள்ளலாம். தையலும் தேயாமல் தப்பும். தெருமுனைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுக்கும்போதே ஆணி அடிக்க வேண்டாம், ஒட்டி ஓரம் தைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். குதிகாலின் வெளிப்பக்கப் பின்மூலைதான் முதலில் தேயும். கடைசி அடுக்கு பாதியாகக் கரைந்ததுமே மாற்றினால் அந்தத் துண்டுக்கு மட்டும் செலவு. தேய்மானம் தையலைத் தொட்ட பிறகு கொண்டுபோனால் அடி முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கும். பெருவிரல் வளையம் அறுந்தால் பழைய துளைகளிலேயே புது வாரைக் கோக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் புதுத் துளை போட்டால் அந்த இடம் இரண்டு மாதத்தில் கிழியும்.